தட்டில் முப்பத்தொரு நாடாக்கள்

விமானிகளோடு கட்டுப்பாட்டுக் கோபுரம் பேசுவதைப் பதியும் முப்பத்தொரு ஒலிநாடாக்கள் என் பொறுப்பில் இருந்தன. நாளுக்கு ஒன்று; முப்பத்தொரு நாள் முடிந்ததும் பழையதை அழித்து, அதிலேயே மறுபடி பதிவோம். விபத்து நடந்த நாளின் நாடாவை மட்டும் அரக்கு முத்திரை வைத்து அலமாரியில் பூட்ட வேண்டும்.

ஒரு சிறு விமானம் விழுந்து முப்பது நாள் கழித்து, தட்டில் இருந்த நாடாக்களை எண்ணினேன். முப்பத்தொன்று சரியாக இருந்தது. நிம்மதியாக மாட்டுங்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். மோர் ஊற்றும்போதுதான் உறைத்தது. ஒன்று பூட்டியிருந்தால் தட்டில் முப்பதுதானே இருக்க வேண்டும்? பேச்சைத் தட்டச்சு செய்துவிட்டு விசாரணைக்காரர்கள் திருப்பித் தந்ததைப் பழக்கதோஷத்தில் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

"ஏன்னா, எங்க ஓடறேள்? ரெண்டு வாய்தானே பாக்கி!" என்றாள் மனைவி.

"நாளைக்குக் காலம்பற அந்த விமானியோட குரலை அழிச்சுடுவாடி!"

ஓடிப்போய் எடுத்துப் பூட்டினேன். பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்த்தேன்.

அப்போது கைக்குழந்தையாக இருந்த விமானியின் மகள் பல வருஷங்கள் கழித்துக் கேட்டு வாங்கியதால், அந்தப் பதிவு போன மாதம் வெளியானது. அப்பாவின் குரலை முதல்முறையாகக் கேட்டதாக அவள் சொன்ன செய்தியை, இப்போது குடியிருக்கும் செம்பூர் வீட்டில் மனைவிக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

"அந்த ரெண்டு வாய் மோர் சாதத்துக்கு இப்பதான் கணக்குத் தீர்ந்தது," என்றாள்.