கூடையை இறக்கி வைக்க ஓர் இடம்

1974, மாசி மாதம், ஒரு புதன்கிழமை. காலை ஆறே முக்காலுக்கு மதுரை ரயில் என்னைச் செங்கல்பட்டில் இறக்கிவிட்டது. ஸ்டேஷனை ஒட்டியே பெரிய ஏரி. முகம் கழுவ ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கையில் இருந்த பெட்டியை யாரிடம் விட்டுப் போவது? அதற்குள் சுங்குடிச் சேலைகள். மதுரையில் நானும் என் வீட்டுக்காரரும் நடத்தும் சின்னக் கடையின் சரக்கு. மாமல்லபுரத்துக்கு வெள்ளைக்காரர்கள் நிறைய வருகிறார்கள், நம் துணியை விரும்பி வாங்குகிறார்கள் என்று யாரோ சொல்ல, போய்ப் பார்த்துவிட்டு வா என்று வீட்டுக்காரர் என்னை அனுப்பிவிட்டார். அவருக்கு ரயில் ஆகாது. எனக்குச் சும்மா இருப்பது ஆகாது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லியும் காப்பியும் அறுபது காசு. சட்னியில் உப்பே இல்லை என்று சொன்னேன். பரிமாறுகிறவர் உப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மதுரையில் இதற்கு ஒரு சண்டையே நடந்திருக்கும். பிறகு கடைத்தெருவில் இரண்டு துணிக்கடைகள் ஏறி இறங்கினேன். ஒருவர் சேலையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இன்னொருவர் நன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, இங்கே இது விலை போகாதம்மா என்றார். தொடாதவரே தேவலை என்று தோன்றியது.

பகல் பன்னிரண்டரைக்கு மாமல்லபுரம் பஸ். திருக்கழுக்குன்றம் வழியாகப் பதினெட்டு மைல், ஒரு ரூபாய். பெண்கள் சீட்டில் எனக்குப் பக்கத்தில் ஒரு காலி மீன் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். நாற்பது வயது இருக்கும். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருந்தாள். நான் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனேன்.

"எத்தினி நேரம் பொத்திக்கினு வருவே? மீனு வித்துப் போச்சு. வாசனை மட்டுந்தான் கீது" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை இறக்கினேன். அவள் பெயர் அஞ்சலை. புதுப்பட்டினத்துக் கடலோரக் குப்பத்தில் வீடு. முதல்நாள் மீன் விற்க வந்தவள், உறவுக்காரர் வீட்டில் தங்கி, காலையில் கழுத்தை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்புகிறாள். சின்ன வயதிலிருந்து தலையில் மீனைச் சுமந்து கழுத்து நரம்பு பிசகிவிட்டதாம்.

"டாக்டரு கூடைய எறக்கி வைன்றாரு. எங்க எறக்கி வைக்கிறதுன்னு கேட்டா, அத சொல்ல மாட்றாரு" என்றாள்.

இறக்கி வைக்க ஓர் இடம் வருவதாக இருந்ததைத்தான் பஸ் போகப் போகச் சொன்னாள். அவள் குப்பத்தை ஒட்டிய கல்பாக்கத்தில் மின்நிலைய வேலை நடக்கிறது. இன்ஜினீயர்களும் குமாஸ்தாக்களும் குடும்பத்தோடு வந்து காலனியில் குடியேறுகிறார்கள். அவர்களுக்குத் தினமும் மீன் வேண்டும். குப்பத்துப் பெண்கள் இருபது பேர் சேர்ந்து சங்கம் வைத்தால், காலனி ரோட்டில் தகரக் கூரை போட்டு, சிமெண்ட் மேடை கட்டி, ஐஸ் பெட்டியும் தருவதாகச் சர்க்காரில் ஒரு திட்டம். அதற்கு ஒரு விரிவாக்க அதிகாரி நேரில் வந்து, இருபது பேரையும் பார்த்து, கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதான் நடக்கவில்லை. அதிகாரி முதல் தடவை வந்த அன்று குப்பத்தில் ஒரு சாவு. அன்று கடலுக்கும் போக மாட்டார்கள், வேறு காரியத்துக்கும் கூட மாட்டார்கள். இரண்டாம் தடவை எல்லாரும் ஒழுங்காக வந்து கோயில் வாசலில் உட்கார்ந்தார்கள். அதிகாரி பேச ஆரம்பித்தார். பேச்சு நடுவில் இருக்கும்போது கட்டுமரங்கள் தெரிந்தன. மரம் தண்ணீரில் எவ்வளவு தாழ்ந்து வருகிறது என்று பார்த்தே இவர்களுக்கு அன்றைய மீன்பாடு எப்படி என்று தெரிந்துவிடும். அன்று நல்ல தாழ்வு. ஒருத்தி எழுந்தாள், பின்னாலேயே அத்தனை பேரும் எழுந்து கரைக்கு ஓடிவிட்டார்கள். திறந்த வாயோடு அதிகாரி மட்டும் கோயில் வாசலில் நின்றாராம்.

இதைச் சொல்லும்போது அஞ்சலை சிரித்தாள். உடனே முகம் சுண்டிப்போயிற்று. அவர் அதை அவமானமாக எடுத்துக்கொண்டார். நாளைக்கு மூன்றாம் தடவையாக வருகிறார், அதுதான் கடைசி. இல்லையென்றால் அந்தத் தகரக் கொட்டகை கடலோரத்தை விட்டு வேறு ஏதோ ஒரு கிராமத்துச் சந்தைக்குப் போய்விடும். அஞ்சலையின் கூடை பதினாலு வயது மகளின் தலைக்கு மாறும். மகள் அதே கழுத்தோடு நாற்பது வயதுக்கு வந்து நிற்பதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை என்றாள்.

கரையில் மீன் ஏலம் முடிந்ததும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கொடுத்தால் என்ன என்று கேட்டேன். யோசனை சொல்வதில் நான் கெட்டிக்காரி.

"நாங்க குந்துவோம். மீனு குந்துமா?" என்றாள்.

வெயில் ஏறினால் மீன் கெட்டுவிடும். வாங்கிய கையோடு ஓடினால்தான் விற்கும். கொஞ்ச தூரம் அவள் பஸ்ஸையே சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தாள். திருக்கழுக்குன்றத்தில் வேறு பஸ் பிடிக்க இறங்கும்போது, "நாளைக்குக் காலம்பற வா, மீனு குடுக்கறேன்" என்றாள்.

மாமல்லபுரம், மாலை. எங்கே திரும்பினாலும் உளிச் சத்தம். கடற்கரைக் கோயிலைப் பார்த்தேன். பார்க்க வேண்டியதுதான், ஆனால் அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். சங்கும் பாசிமணியும் விற்கும் ஒரு கடைக்காரர் ஆறு சேலைகளை வாங்கி வைத்துக்கொண்டார், விற்றால் காசு என்று. விற்கும் என்றேன். என் குரலைக் கேட்டு அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. சந்தோஷமாக அறைக்குத் திரும்பிப் படுத்தால், மறுநாள் அந்தப் பெண்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்பதே மனசில் ஓடியது.

வியாழக்கிழமை, காலை ஆறரை. அறையைக் காலி செய்துவிட்டு, மிச்சச் சேலைகள் இருந்த பெட்டியோடு கிளம்பினேன். தெற்கே ஒன்பது மைலில் இருக்கும் புதுப்பட்டினத்துக்கு பஸ் ஐம்பது காசு. வழியெல்லாம் ஜல்லி ஏற்றிய லாரிகள், பாதி கட்டிய வீடுகள். சிமெண்ட் வாசனையும் உப்புக்காற்றும் கலந்து அடித்தது. குப்பத்துக் கரையில் பெண்கள் காலிக் கூடைகளோடு கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அன்று காற்று சரியில்லை, மரங்கள் தாமதம். அஞ்சலை என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

எட்டரைக்கு அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், கையில் குடை, கக்கத்தில் பை. முகத்தில் கோபத்தைவிட மனத்தாங்கல்தான் அதிகம். இந்த முறையும் பாதியில் எழுந்து ஓடினால் இனிமேல் தன்னால் வர முடியாது, மேலே பதில் சொல்ல முடியவில்லை என்று நின்றபடியே சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்போதே வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் கறுப்பாகச் சில கோடுகள் தெரிந்தன. இருபது தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின.

அஞ்சலை எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஓடத்தான் போறோம் சார், பொய் சொல்ல மாட்டேன். ஒம்பதே முக்கா பஸ்ஸுலதான நீங்க திரும்பிப் போறீங்க? நாங்களும் அதுலதான் கூடை ஏத்துவோம். அதுல வெச்சு எங்கள புடிங்க. ஓடற பஸ்ஸுல எங்க எழுந்து ஓடறது?"

எனக்குப் பொறுக்கவில்லை. சம்பந்தமில்லாத ஆள் என்றும் பாராமல் உள்ளே புகுந்தேன். மதுரையில் எங்களுக்கு ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் கடையைப் பூட்டிவிட்டு ஆபீஸ் வாசலில் போய் நிற்போம், பூட்டுவதற்கு இவர்களுக்குக் கடையாவது இருக்கிறதா என்று கேட்டேன். நான் யார் என்று அவர் கேட்டார். சேலை வியாபாரம் என்றேன்.

அவர் கடலைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். "நேரில் பார்க்கணும்னுதான் விதி. எங்கே உட்கார்ந்துன்னு எழுதலை" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொல்லிவிட்டுக் குடையை மடக்கினார். மடக்கிய வேகத்தில் அந்த மனிதரை எனக்குப் பிடித்துப் போயிற்று.

ஒன்பது மணிக்கு மேல்தான் மரங்கள் கரை ஏறின. சங்கரா மீனும் காரப்பொடி மீனும் மணலில் குவிந்தன. ஏலம் விடுகிறவர் மூச்சு விடாமல் விலையைக் கூவ, பெண்கள் கேட்ட விலை எனக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் அதிகாரியும் ரோட்டுக்கு வந்தோம். செங்கல்பட்டு போகும் பஸ் நேரத்துக்கு வந்து நின்றது. அவர் முன் சீட்டில் உட்கார்ந்து பையைத் திறந்து தயாரானார். பெண்கள் ஒருவர், இருவராக ஓடிவந்தார்கள். மீன் கூடை பஸ் கூரை மேல்தான் போக வேண்டும் என்பது கண்டக்டரின் சட்டம். ஏணியில் கூடைகள் ஏறின. பக்கத்துக் காலனிக்குத் தினமும் நடந்தே போகிறவர்களும் அன்று டிக்கெட் எடுத்தார்கள்.

எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது. மற்றவர்களை முதலில் வாங்க விட்டுத் துரத்திவிட்டு, அஞ்சலை கடைசிக் குவியலுக்கு நின்றுவிட்டாள். கண்டக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், விசிலை வாயில் வைத்தார். இந்த வழியில் எந்த டிரைவரும் யாருக்காகவும் நின்றதில்லை என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். நான் எழுந்துவிட்டேன். ஆனால் எனக்கு முன்னால் அதிகாரி ஜன்னலுக்கு வெளியே குடையை நீட்டி டிரைவர் பக்கத்துத் தகரத்தைத் தட்டினார்.

"நிறுத்துங்க. இன்னும் ஒரு ஆள் வரணும். அவங்க இல்லாம நான் போனா போனதாவே கணக்கில்லை."

மணலில் கால் புதைய அவள் வந்துகொண்டிருந்தாள். தலையில் நிறைந்த கூடை, கழுத்து ஒரு பக்கம் ஒடிந்தாற்போல. அவளால் ஏணிக்கு அதைத் தூக்கிக் கொடுக்க முடியாது. கண்டக்டர் முனகிக்கொண்டே இறங்கி, கூடையை வாங்கி, மேலே ஏற்றாமல் படிக்குப் பக்கத்திலேயே வைத்தார். தன் சட்டத்தைத் தானே மீறிய கோபத்தில் எங்கள் எல்லாருக்கும் ஒரு திட்டு விழுந்தது.

பஸ் கிளம்பியதும்தான் அடுத்த சிக்கல். அதிகாரி தன் வரிசைப்படி பெயரைக் கூப்பிட ஆரம்பித்தார். அஞ்சலை தடுத்தாள். முதலில் இறங்குகிறவர்கள் முதலில், திருக்கழுக்குன்றம் போகிறவர்கள் கடைசியில். காலனி வருவதற்குள் ஐந்து பேரை முடிக்க வேண்டும். ஈரக் கட்டைவிரலில் மையே ஒட்டவில்லை, மீன் செதில்தான் காகிதத்தில் ஒட்டியது. நான் பெட்டியைத் திறந்து கைக்கு வந்த சேலையை எடுத்தேன். அரக்கு நிறம், நல்ல புள்ளி. ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டேன். வீட்டுக்காரருக்கு என்ன சொல்வது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் குதித்தது. ஒரு கைநாட்டு பெரிதாகவும் ஒன்று கோணலாகவும் விழுந்தது. மேலே இருந்த கூடைகளின் தண்ணீர் ஜன்னல் வழியாகச் சொட்டி என் தோளையும் அதிகாரியின் காகிதத்தையும் நனைத்தது. அவர் ஊதி ஊதிக் காயவைத்தார். ஒவ்வொருத்தியையும் நிமிர்ந்து முகம் பார்த்து, எங்கே விற்கிறாய், எவ்வளவு தூரம் நடக்கிறாய் என்று கேட்டார். இப்போது பேசியதெல்லாம் அவர்கள்தான். அவர் கேட்டுக்கொண்டு வந்தார்.

திருக்கழுக்குன்றத்து மலை தெரியும்போது அஞ்சலையின் முறை. அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். நின்றுகொண்டே, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மீன் தண்ணீர் என்று துடைத்துக்கொண்டேன்.

மேலே எத்தனை மேஜை தாண்ட வேண்டுமோ, எப்போது உத்தரவு வருமோ என்று அதிகாரியே கவலைப்பட்டார். காகிதத்தை மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்த கண்டக்டர்தான் தைரியம் சொன்னார்.

"சார், இந்த நாத்தத்த எவன் ரொம்ப நாளு மேஜையில வெச்சிகினு குந்துவான்? சீக்கிரமா கையெழுத்துப் போட்டு அடுத்தவன்கிட்ட தள்ளிடுவான் பாரு."

பஸ்ஸே சிரித்தது. அதிகாரி சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

திருக்கழுக்குன்றத்தில் எல்லாரும் இறங்கினார்கள். நான் அதே பஸ்ஸில் செங்கல்பட்டு போக வேண்டும், மதியம் ரயில். மதுரையில் ஆபீஸ் வாசலில் நாங்கள் நின்ற நாட்களை நினைத்துக்கொண்டேன். ஒரு தடவையாவது உள்ளே இருப்பவரை எங்கள் தெருவுக்குக் கூப்பிட்டிருக்கிறோமா? கூப்பிடலாம் என்றே தோன்றியதில்லை. இனிமேல் தோன்றும்.

கீழே அஞ்சலை இன்னொருத்தியின் உதவியோடு கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் வந்தாள். தலையை நிமிர்த்த முடியாமல் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தாள்.

"அடுத்த தபா வந்தா கரைக்கு வந்து தேடாத. காலனி ரோட்டுல எறங்கு. மேடையில குந்தியிருப்பேன்" என்றாள்.

வருகிறேன் என்றேன். கூடை கூட்டத்துக்கு மேலே கடைத்தெருவின் திருப்பம் வரைக்கும் தெரிந்தது.