பகல் தண்ணீர்

அறையில் அவளைக் 'கணக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை. காலையில் எத்தனை படுக்கை விரிப்பு அழுக்காக இறங்கியது, மாலையில் எத்தனை வெளுத்து மேலே போனது என்று எண்ணிக் கையெழுத்துப் போடுகிறவள். ஒரு தலையணை உறை குறைந்தால் போதும், மூன்று மாடியையும் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். அப்படிப்பட்டவள் கையில் வீட்டுச் செலவைக் கொடுத்தால் சும்மா இருப்பாளா?

மாடியில் ஒரே அறை, ஒரு சமையல் மூலை, ஒரு குளியலறை, நான்கு கட்டில். கணக்கைத் தவிர இன்னும் மூன்று பேர். ஆயத்த ஆடைக் கம்பெனியில் தைக்கிற தையக்கா, பேக்கரியில் பில் போடுகிற சின்னப் பெண், ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் குளிப்பாட்டித் துடைத்துவிடுகிற ஒருத்தி. இந்த நான்காமவளை எல்லோரும் ஆஸ்பத்திரி அக்கா என்பார்கள். வாடகை நாலில் ஒன்று, சமையல் சாமான் சாப்பிட்ட வேளைப்படி, தண்ணீர் தலைக்கு ஒரு பங்கு. இதெல்லாம் கணக்கு போட்ட சட்டம். சண்டை என்று ஒன்று அந்த அறையில் வந்ததே இல்லை, அதற்காக அவளை மெச்சத்தான் வேண்டும்.

இன்னொரு சட்டமும் உண்டு. ஐந்தாவது தலை கூடாது. வீட்டுக்காரரும் அதைத்தான் சொல்லியிருந்தார். கூட ஒரு ஆள் தங்கினால் எல்லோரும் காலி செய்ய வேண்டும், அட்வான்ஸும் திரும்பாது. தையக்காவின் சித்தி மகள் பரீட்சை எழுத வந்து பத்து நாள் தங்க இடம் கேட்டபோது, கணக்கு முகத்துக்கு நேராக மறுத்துவிட்டாள்.

"பத்து நாள்தானே, கணக்கு. ஒரு ஓரமா படுத்துக்கும்."

"இன்னைக்கு உங்க ஆளு, நாளைக்கு என் ஆளுன்னு வந்தா என்னக்கா பண்றது? நியாயம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

தையக்கா சித்தி மகளை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். ஆனால் மனதில் வைத்துக்கொண்டாள்.

அது நடந்து நாலு மாதத்தில் கணக்கின் தங்கை ஒரு பையோடு ஹோட்டல் பின்வாசலில் வந்து நின்றாள். புருஷன் இந்த முறை அயர்ன் பாக்ஸைக் கையில் எடுத்திருக்கிறான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் கருகி உரிந்திருந்தது. ஊரெல்லாம் தேடுகிறான், கண்டால் கொன்றே போடுவேன் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறான். அண்ணனோ, "குடும்பம்னா அப்படி இப்படி இருக்கும், திரும்பிப் போ" என்று சொன்ன புண்ணியவான். கணக்கு தங்கையின் பையை வாங்கிக்கொண்டாள். எங்கே கொண்டு வைப்பாள் இவளை? தையக்காவிடம் சொன்னால் காதும் காதும் வைத்தாற்போலவா இருக்கும்? சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். தான் போட்ட சட்டத்தைத் தானே போய் மீறுகிறேன் என்று சொல்ல அவளுக்கு நாவும் எழவில்லை.

அதனால் ஒரு வழி செய்தாள். காய்கறியைப் பெட்டியில் அடைக்கிற கிடங்கு ஒன்றில் தங்கைக்கு ராத்திரி ஷிஃப்ட் வாங்கிக் கொடுத்தாள். காலையில் மற்ற மூவரும் போனபிறகு கடைசியாகக் கிளம்புகிறவள் கணக்குதான். தெருமுனையில் தன் சாவியைக் கொடுப்பாள். தங்கை மேலே போய்க் குளித்து, துணி துவைத்து, அக்காவின் கட்டிலில் தூங்கி, ஐந்து மணிக்கெல்லாம் இறங்கிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஐந்தரைக்கு முதலில் திரும்புகிறவளும் கணக்குதான். ஈரம் துடைத்து, தலைமுடி பொறுக்கி, தடயமே இல்லாமல் செய்துவிடுவாள்.

எல்லாவற்றையும் துடைத்தவள் படியடியில் இருந்த தண்ணீர் மீட்டரை மறந்துவிட்டாள். மாதா மாதம் பன்னிரண்டு யூனிட் தாண்டாத தண்ணீர் அந்த மாதம் பதினைந்து ஓடியிருந்தது. வீட்டுக்காரர் படியேறி வந்து கத்திவிட்டுப் போனார். "நாலு பேருக்கு இவ்வளவு தண்ணியா? அடுத்த மாசமும் இப்படின்னா நான் ரூமை வேற ஆளுக்கு விட்டுடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் உட்கார்ந்தார்கள். குழாய் ஒழுகுகிறதா என்று பார்த்தார்கள், இல்லை. பேக்கரிப் பெண்ணுக்குத்தான் அந்த யோசனை வந்தது.

"காலையில கிளம்பறப்போ மீட்டர்ல ஒரு நம்பர், சாயங்காலம் வந்ததும் ஒரு நம்பர் எழுதுவோம். எப்போ ஓடுதுன்னு தெரிஞ்சுடும்ல."

கணக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. பகலில் ஆளில்லாத அறையில் தண்ணீர் ஓடுகிறது என்று எழுதினால் அன்றைக்கே தங்கை தெருவில் நிற்பாள். பிறகு அவன் கையில் அகப்பட எத்தனை நாள் ஆகும்?

"நானே எழுதறேன். காலையில கடைசியா போறதும் நான்தான், முதல்ல வர்றதும் நான்தான்" என்றாள்.

"நீ எழுதினா சரியா இருக்கும்" என்றாள் தையக்கா.

எழுதினாள். காலையில் உள்ளதை உள்ளபடி எழுதுவாள். மாலையில் மீட்டரைக் குனிந்து பார்ப்பாள், ஆனால் காலையில் எழுதிய எண்ணையே மறுபடி எழுதுவாள். பகலில் ஒரு சொட்டும் ஓடவில்லை என்று ஆயிற்று. ஓடிய தண்ணீரெல்லாம் ராத்திரிக் கணக்கில் போய் ஏறியது. தங்கை தப்பினாள் என்ற நிம்மதியில், அந்த ராத்திரிக் கணக்கு யார் தலையில் போய் விடியும் என்று அவள் யோசிக்கவே இல்லை. அடிப்பாவி, விரிப்பை எண்ணுகிறவளுக்கு இது கூடவா தெரியவில்லை!

மாதக் கடைசியில் தாளை விரித்தார்கள். மறுபடியும் பதினைந்து யூனிட். தையக்கா விரலை வைத்துக் காட்டினாள்.

"பகல்ல ஒண்ணுமே இல்ல. எல்லாம் சாயங்காலத்துக்கு மேலதான். நம்மள்ல வந்து ஒரு தடவை, படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவைன்னு குளிக்கறது யாரு? தினம் யூனிஃபார்ம் துவைக்கறது யாரு?"

எல்லோரும் ஆஸ்பத்திரி அக்காவைப் பார்த்தார்கள்.

"நோயாளிங்க வாடையோட எப்படிம்மா படுக்கறது" என்றாள் அவள்.

"அதுக்கு நாங்க ஏன் குடுக்கணும்? இனிமே ரெண்டு பங்கு குடுங்க. போன மாசத்துதும் சேர்த்து. வீட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன். என்ன கணக்கு, நியாயம்தானே?"

நால்வரில் சம்பளம் குறைந்தவள் ஆஸ்பத்திரி அக்காதான். அதிலும் பாதி மகனின் விடுதிக்குப் போய்விடும். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று கணக்குக்கு உள்ளே அடித்துக்கொண்டது. தங்கையின் கருகிய கை கண் முன்னால் வந்தது. மென்று முழுங்கி, "தாள்ல அப்படித்தான் இருக்கு" என்றாள்.

ஆஸ்பத்திரி அக்கா சண்டை போடவில்லை. ஒன்றாம் தேதி பெட்டியைக் கட்டினாள். பழைய பாக்கி என்று ஒரு பங்குப் பணத்தை எடுத்துத் தையக்காவிடம் கொடுத்தாள். கீழே பெட்டியைத் தூக்கி வந்தது கணக்குதான். படியடியில் மீட்டர் பக்கத்தில் ஆஸ்பத்திரி அக்கா நின்றாள்.

"நான் போட்ட ஜன்னல் திரையைக் கழட்டாம விட்டிருக்கேன். பத்து மணிக்கு மேல உன் கட்டில்ல வெயில் அடிக்குது. பகல்ல தூங்கறவளுக்குக் கஷ்டம்."

கணக்கு பெட்டியைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஒரு நாள் காய்ச்சல்னு மத்தியானம் வந்தேன். அசந்து தூங்கிட்டிருந்தா. கையைப் பார்த்தேன். தீக்காயம் பார்க்காதவளா நான்? எழுப்பாம திரும்பிப் போயிட்டேன்."

"ஏன்க்கா அன்னைக்கு அவங்ககிட்ட சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன்."

ஆஸ்பத்திரியில் கூடவந்தவர்கள் படுக்கிற கூடத்தில் ஒரு மூலை கிடைக்கும் என்றாள். பெட்டியை வாங்கிக்கொண்டு போனாள். கணக்கு அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதாள். அழுகிறவள் எழுந்து மேலே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், இல்லையா? மேலே போனாள். அங்கே தையக்கா காலிக் கட்டிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆள் பிடிக்கலன்னா வாடகையை மூணாப் போடணும். யாராவது தெரிஞ்ச பொண்ணு இருக்கா?"

கணக்கு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"என் தங்கச்சி இருக்கா. ராத்திரி வேலை. ஒரு பங்கு குடுத்துடுவா" என்றாள். புருஷன் கதையை மட்டும் மறைத்துவிட்டாள்.

தங்கை முன்வாசல் வழியாகப் பையோடு வந்தாள். அக்காவின் கட்டிலில் ஒதுங்கிப் படுக்க வேண்டியதில்லை, சொந்தக் கட்டில். முதல் முறையாக ஒரு மாதம் முழுதும் நிம்மதியாகத் தூங்கினாள். கன்னம் கொஞ்சம் பூரித்தது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் கணக்குக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, ஓவென்று கத்த வேண்டும் போலவும் இருந்தது.

அந்த மாத பில் வந்தது. பன்னிரண்டு யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு.

தையக்கா தொடையில் தட்டினாள். "பார்த்தியா? நான் சொல்லல? அவ போனதும் குறைஞ்சுடுச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

பேக்கரிப் பெண்ணும் தலையாட்டினாள். தங்கை அப்போதுதான் வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்துக் கேட்டாள்.

"யாருக்கா அது? அடுத்தவங்க காசுல அப்படியா தண்ணியைக் கொட்டுவாங்க?"

கணக்கு குனிந்து பில் தொகையை நாலால் வகுத்தாள்.

"ஆமா" என்றாள்.