பூட்டிய கதவுக்கு அக்கா கொடுத்த மனு

எங்கள் வீட்டுக்கு மூத்தவரான அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இன்றைய நினைவுநாள் விருந்தில் கொடுக்கும் இந்த மலரில் அவருடைய நல்ல குணங்களைச் சொல்ல உறவினர் பலர் இருக்கிறார்கள். நான் அவரை அலையவிட்டவர்களைப் பற்றியும் சொல்லப்போகிறேன். அக்கா இருந்தால், “வுடுடா தம்பி, சோறு போடற எடத்துல சண்ட இன்னாத்துக்கு?” என்று தடுத்திருப்பார். தடுக்க அவர் இல்லை.

அக்கா ஊரூர் ஒல்காட் குப்பத்தில் பிறந்தவர். அப்பா படுக்கையில் விழுந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டு அம்மாவோடு மீன்கூடை தூக்கினார். அடையாறு பக்கம் ஒரு தெருச் சந்தையில் உட்கார்ந்தார். கடைசிவரை அதே இடம். அந்த வருமானத்தில்தான் நான் படித்தேன், தங்கைகளுக்குத் திருமணம் நடந்தது. அக்காவின் கணவர் காலமான பிறகும் அவர் கூடையை இறக்கவில்லை. “இத எடுக்காதம்மா, நேத்து மீனு” என்று தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்ளும் குணம் அவருக்கு.

சந்தைக்குப் பின்னால் பெண்களுக்கென்று ஒரு பொதுக் கழிப்பிடம் கட்டினார்கள். ரிப்பன் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள், பூட்டினார்கள். உள்ளே மாமன்ற உறுப்பினர் வீட்டுக் கொடிக்கம்பங்களும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் குடியேறின. நாற்காலிகளுக்கு அவசரம் வராது என்பதுகூடத் தெரியாத அறிவாளிகள்.

காலையில் வந்து உட்கார்ந்தால் வியாபாரம் முடியும்வரை அக்காவும் மற்ற பெண்களும் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். குடித்தால் போக இடமில்லை. அக்காவுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்தன. பிறகு சிறுநீரகம் கெட்டது. “ஏம்மா, தண்ணியே குடிக்கிறதில்லையா?” என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். “குட்ச்சா எங்க சார் போறது?” என்றார் அக்கா. அன்று வீட்டுக்கு வந்ததும் என்னை மனு எழுதச் சொன்னார்.

நான் தி.நகரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்பவன். ‘மதிப்பிற்குரிய’, ‘தாழ்மையுடன்’ என்று தெரிந்ததையெல்லாம் போட்டு எழுதி வாசித்துக் காட்டினேன். “இன்னாத்துக்குடா இத்தினி கும்புடு? பூட்ட தொறன்னு எழுது” என்றார். அப்படியே எழுதினேன். சந்தைப் பெண்கள் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள்.

எங்கள் மாமன்ற உறுப்பினர் ஒரு பெண்மணி. தேர்தலில் நின்றது அவர். நாற்காலியில் உட்கார்ந்தது அவருடைய கணவர். அந்தக் கணவர் மனுவை வாங்கி, படிக்காமல், அதன்மேல் டீ தம்ளரை வைத்தார். நகலில் முத்திரை கேட்டதற்கு, “எம்மேல நம்பிக்கை இல்லியா?” என்று சிரித்தார். “இல்ல நைனா” என்றார் அக்கா. முத்திரை விழுந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை.

கைப்பேசியில் மாநகராட்சிச் செயலியிலும் புகார் பதிந்தேன். ‘தீர்வு காணப்பட்டது’ என்று பதில் வந்தது, புகைப்படத்தோடு. படத்தில் இருந்தது பளபளவென்று ஓடு பதித்த வேறொரு கழிப்பிடம். “இது எந்தக் கல்யாண மண்டபம்டா?” என்று கேட்டார் அக்கா. ஒழுங்காகப் பொய் சொல்லக்கூடச் சோம்பல்படுபவர்களை நான் அன்றுதான் பார்த்தேன். சந்தைக்கு எதிரே இருந்த அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தாரிடம் கையெழுத்துக் கேட்டோம். திறந்தால் நாற்றம் வரும் என்று மறுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வாங்க வரும்போது அந்த மூக்குகளை வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள் போலும்.

பகுதி சபைக் கூட்டத்தில் அந்தப் பகுதிவாசி யாரும் எழுந்து கேட்கலாம், கேட்டதைக் குறிப்பில் எழுதியாக வேண்டும் என்று பிறகு தெரிந்துகொண்டோம். அப்போது அக்காவுக்கு டயாலிசிஸ் தொடங்கியிருந்தது. ஆட்டோவில் அழைத்துப்போனேன். சந்தைப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அக்கா என் தோளைப் பிடித்து எழுந்து, கழிப்பிடம் ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று கேட்டார்.

மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் முந்திக்கொண்டார். “நாலு ஆம்பளைங்க கீற எடத்துல இத்தப் பேசுறியே, வெக்கமா இல்ல?”

“உன்ன யாரு கேட்டா? ஓட்டுப் போட்டது இந்தம்மாவுக்கு,” என்ற அக்கா உறுப்பினர் பக்கம் திரும்பினார். “நீ பேசும்மா. நீயும் பொம்பளதானே? காலைலேர்ந்து அடக்கிக்கினு உக்காந்து பாரு, தெரியும்.”

அந்த அம்மாள் கணவர் முன்னால் இருந்த மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். “சாவி எங்க வீட்லதான் இருக்கு. நாளைக்குத் தொறந்துடுவோம். எழுதிக்குங்க.”

மறுநாள் நாற்காலிகள் வெளியே வந்தன. ஆனால் அதற்குள் அக்கா தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். தெம்பிருந்த நாட்களில் சந்தைக்கு வந்து, மற்றவர்கள் பாட்டில் பாட்டிலாகக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “குடிங்கடி, பயமில்லாம குடிங்க” என்பார். சில மாதங்களில் ஆஸ்பத்திரியிலேயே அமைதியாகக் கண்மூடினார்.

இறுதிச் சடங்குக்கு அந்தக் கணவர் பெரிய மாலையோடும் படம் எடுக்க ஓர் ஆளோடும் வந்தார். கழிப்பிடம் தன் முயற்சியால் திறந்ததாகத் தெருமுனையில் பேனர் வைத்திருந்தவரும் அவர்தான். மாலையை நாங்களே கையில் வாங்கிக்கொண்டோம், அக்காமேல் படவிடவில்லை. அவர் போனதும் தெரு மாட்டுக்குப் போட்டோம். பூவின்மேல் எங்களுக்குக் கோபமில்லை.

கைநாட்டு வைத்த சந்தைச் சகோதரிகளுக்கும், டயாலிசிஸ் பிரிவில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்த நர்சம்மாவுக்கும், காத்திருந்த நேரத்துக்குக் காசு வாங்காத ஆட்டோ ஓட்டுநருக்கும், துக்கம் கேட்கத் தனியாக வந்துபோன உறுப்பினர் அம்மாளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடுக்குமாடிச் சங்கத்தார் மலர்வளையம் அனுப்பியிருந்தார்கள். அதற்கு நன்றி சொல்வதாக இல்லை.

கழிப்பிடக் குழாயில் ஒரு மாதமாகத் தண்ணீர் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கான மனு இன்று பந்தி நடக்கும் இடத்தின் வாசலில், மேசைமேல் இருக்கிறது. சாப்பிட்டுக் கை கழுவியதும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

தம்பி