அகழியில் இறங்கிய ரிக் வண்டி

திருச்செங்கோட்டுக்காரர்களான எங்களுக்குப் பாசம் வந்தால் நிலத்தைத் துளைப்போம். வேறு வழி தெரியாது. அப்போது நான் ரிக் வண்டி டிரைவர். ஆழ்துளைக் கிணறு போட ஆந்திரா, ஒடிசா என்று சுற்றியவன்.

என் மனைவி ஆத்தூர்க்காரி. வீட்டை எதிர்த்து என்னைக் கட்டிக்கொண்டவள். அவள் அப்பா மூன்று வருஷமாக அவளிடம் பேசவில்லை. என் பேச்சு வந்தால் ‘அந்த ரிக்குக்காரன்’ என்பாராம். ஏழாம் மாதத்தில், பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழ ஆரம்பித்தாள். “அப்பா ஒரு வார்த்த வான்னு சொன்னாப் போதும்” என்பாள். அந்த ஒரு வார்த்தை வந்தபாடில்லை.

அவள் அம்மா, என் அத்தை மட்டும் அவருக்குத் தெரியாமல் போன் பேசுவார். ஒருநாள், கிணற்றுத் தண்ணீர் சாக்கடையாய் நாறுகிறது, தெருக்குழாயில் குடம் தூக்கி இடுப்பு விட்டுப்போகிறது என்றார். எனக்கு அது போதும். அங்கே ஓர் ஆழ்துளைக் கிணறு போட, முதலாளியைக் கெஞ்சி ஒரு நாளைக்கு வண்டியை வாங்கினேன். இதற்கெல்லாம் அனுமதி வேண்டும் என்பதுகூடத் தோன்றவில்லை. கிளம்பும்போது மனைவி, “எங்க வீடு இருக்கறதே கோட்ட அகழியிலதான். பாத்து நிறுத்துங்க” என்றாள். பிறந்த வீட்டுப் பெருமை பேசுகிறாள் என்று சிரித்துக்கொண்டேன்.

பெருமை இல்லை, நிஜம். ஆத்தூர்க் கோட்டைக்கு ஒரு பக்கம் வசிஷ்ட நதி, மற்றப் பக்கங்களில் அகழி. கோட்டையை ஆண்டவர்கள் போனபின் அகழியில் மண்ணும் குப்பையும் விழுந்து மேடாகி, மேலே வீடுகள் வந்துவிட்டன. மாமனார் வீட்டு வாசலில் நின்றால் எதிரே கோட்டை மதில்தான்.

காலை ஒன்பது மணிக்கு வண்டியை வாசலோரம் பின்னால் எடுத்து நிறுத்தினேன். மாமனார் செய்தித்தாளோடு கதவருகே நின்றார். என்னைப் பார்க்காமல் அத்தையிடம், “அது சேத்து மண்ணு. எறங்கும்னு சொல்லு” என்றார். எனக்கும் அவருக்கும் பத்தடிகூட இல்லை.

நானும் அத்தையிடமே, “நூறு ஊருல நிறுத்துன வண்டிங்க அத்தை. ஒண்ணும் ஆவாதுங்க” என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

ஜாக்கிகளை இறக்கி வண்டியைத் தூக்கினேன். ஒரு நிமிஷம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு பின்பக்க ஜாக்கி, களியில் விரல் விட்டதுபோல் உள்ளே போனது. வண்டி சாய்ந்து, பின்சக்கரங்கள் அச்சு வரை கறுப்புச் சேற்றில் உட்கார்ந்துவிட்டன. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. முழங்கால் சேற்றில் நின்ற என்னைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது.

மாமனார் சிரித்தார். செய்தித்தாள் நழுவியது தெரியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “எதிரி உள்ள வரக்கூடாதுன்னு வெட்டுனது. இன்னும் வேல செய்யுது பாரு!” என்று மதிலைக் காட்டினார். எதிரி என்றது எனக்குச் சுருக்கென்றது.

சேலத்திலிருந்து கிரேன் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். வண்டியை விட்டுவிட்டும் போக முடியாது. சும்மா இருக்கப் பிடிக்காமல், தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகத் தூக்கி அத்தையின் அண்டாவை நிரப்பினேன். மதியம் மாமனார் இரண்டு கட்டைகளை இழுத்துவந்து, வண்டி மேலும் சாயாமல் முட்டுக் கொடுத்தார். சாப்பிட உட்கார்ந்தபோது, என் முன்னால் தட்டை வைத்தது அவர்தான்.

மறுநாள் காலை நான் குடத்தோடு உள்ளே வந்தேன். மாமனார் அத்தையின் போனை வாங்கி, மகளின் நம்பரைப் போடச் சொல்லிக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் அவள் ‘அம்மா’ என்றிருப்பாள். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நான்தாம்மா. மாப்பிள்ள அகழியில மாட்டிக்கிட்டாரு. வந்து கூட்டிக்கிட்டுப் போ.”

குடத்தை இறக்க வேண்டும் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

சாயங்கால பஸ்ஸில் அவள் வந்து இறங்கினாள். கொண்டுவந்த பை, ஒரு நாளுக்கான பை இல்லை.

அடுத்த நாள் கிரேன் வந்து வண்டியை வெளியே இழுத்துவிட்டது. அவளைத் திரும்பக் கூட்டிவர எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. அன்று பஸ் ஸ்டாண்டில் எங்கள் மகள் மாமனாரின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் விசில் அடிக்கும்வரை அவர் அவளைக் கொடுக்கவில்லை.