சாக்கின் எடையை இரண்டு தடவை கழித்தவர்

அந்தக் கிடங்குப் பொறுப்பாளரைத் திருடனாக்கியது நீங்கள்தான். வேறு யாரும் இல்லை.

உங்களிடம் நான் வேலை பார்த்தது எண்பதுகளின் நடுவில். மட்டாஞ்சேரியில் ஓர் அரிசிக் கிடங்கின் மாடி. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏசி கம்ப்யூட்டருக்கு, விசிறி எங்களுக்கு. மழைக்காலத்தில் பிளாப்பித் தட்டுகளில் பூசணம் பிடிக்கும் என்று அலமாரிக்குள் ஒரு பல்பை எரியவிட்டிருப்போம். வியாபாரிகளுக்குச் சரக்கு இருப்புக் கணக்குப் புரோகிராம் எழுதிக் கொடுப்பது தொழில். எழுதியது நான். விற்றது நீங்கள்.

தேதி சரிபார்ப்பது, எடை கணக்கிடுவது, ரிப்போர்ட் அச்சடிப்பது என்று எல்லா வியாபாரிக்கும் வேண்டியவற்றை ஒரே பைலில் எழுதி வைத்திருந்தேன். மற்ற புரோகிராம்கள் அதைக் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்ளும். தவறு வந்தால் அந்த ஒரு பைலைத் திருத்தினால் போதும். இது பெரிய கண்டுபிடிப்பு இல்லை. சோம்பேறிக்குக்கூடத் தோன்றும் வழி.

உங்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் இன்னொரு பைலைத் திறந்தால் வேகம் குறையும், வியாபாரி முன்னால் ஓட்டிக் காட்டும்போது மானம் போகும் என்றீர்கள். மிளகு வியாபாரிக்குக் கொடுத்த புரோகிராமை நகல் எடுத்து, எடைக் கணக்கை அதன் வயிற்றுக்குள்ளேயே ஒட்டி, மேலே கம்பெனிப் பெயரை மாற்றிச் சுக்கு வியாபாரிக்குக் கொடுத்தீர்கள். ஒட்டியதை என்னிடம் சொல்லவில்லை.

சுக்குக் கிடங்குக்கு என்னை அனுப்பினீர்கள், பதிவு செய்யச் சொல்லிக் கொடுக்க. அங்கே பொறுப்பில் இருந்தவரை எல்லாரும் சேட்டன் என்பார்கள், ஐம்பது வயது இருக்கும். நான் தும்முவதைப் பார்த்துச் சிரித்தார்.

"மோளே, உன்ற மிஷினுக்கு மூக்கு உண்டோ? இவிடெ கொண்டு வச்சா அதும் தும்மும் கேட்டோ."

அவர் சீட்டு எழுதுவதைப் பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. மிளகுக் கிடங்கில் வெளியே போகும் சரக்கைச் சாக்கோடு நிறுத்து அப்படியே எழுதுவார்கள், சாக்கின் எடையைக் கம்ப்யூட்டர் கழிக்கும். இங்கே சாக்கின் எடையைச் சேட்டனே கழித்துவிட்டுத்தான் எழுதுகிறார். கம்ப்யூட்டர் மறுபடி கழித்தால், போன சரக்கு குறைவாகப் பதிவாகும். இல்லாத சுக்கு இருப்பில் நிற்கும். ஒவ்வொரு சாக்குக்கும் கிட்டத்தட்ட ஒரு கிலோ.

அன்றே வந்து சொன்னேன். பொதுப் பைலைத் திருத்தி, பிளாப்பியில் போட்டு உங்கள் கையில் கொடுத்தேன். நீங்களே போய் ஏற்றுவதாகச் சொன்னீர்கள். திரும்பி வந்து, "ஏத்தியாச்சு, விடு" என்றீர்கள். ஏற்றியது உண்மைதான். ஆனால் அங்கே ஓடிய புரோகிராம் அந்தப் பைலைத் தொடவே தொடாது. அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

சீசன் முடிந்து இருப்பு எடுத்தார்கள். கம்ப்யூட்டர் சொன்ன சுக்கு கிடங்கில் இல்லை. ரிப்போர்ட் அச்சடிக்க நானும் போயிருந்தேன். நீங்களும் வந்திருந்தீர்கள். கிடங்கு முதலாளி உங்களைப் பார்த்தார்.

"கணக்கு தெற்றுமோ? மிஷினுக்குத் தப்பு வருமோ?"

"மிஷினுக்கு வீடு உண்டா, குட்டி உண்டா முதலாளி? அது எதுக்குப் பொய் சொல்லணும்" என்றீர்கள்.

எல்லாரும் சிரித்தார்கள். புரோகிராமைப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னது அந்தச் சிரிப்பில் யார் காதிலும் விழவில்லை. சுமை இறக்குகிற ஒருவன், "சேட்டன் சுக்குக் காப்பி குடிச்சுத் தீர்த்து" என்றான். அதற்கும் சிரித்தார்கள். சேட்டன் சிரிக்கவில்லை. "ஞான் எடுத்திட்டில்ல முதலாளி" என்றார். எடுக்கவில்லை என்று திரும்பவும் அதையே சொன்னார். சாவியை வாங்கிக்கொண்டு, சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

அவர் போன பிறகு அந்த இயந்திரத்தில் ஓடிய புரோகிராமை முழுக்க அச்சடித்தேன். எடைக் கணக்கு அதற்குள்ளேயே இருந்தது, மிளகுக்கு எழுதிய பழைய வரிகள், ஓர் எழுத்துக்கூட மாறாமல். நம் மாடிப்படியில் உங்களை நிறுத்திக் காட்டினேன்.

"சார், சாக்கை ரெண்டு தடவை கழிச்சிருக்கு. அவர் எடுக்கல."

"பதுக்கெ, மெல்லப் பேசு. கீழ ஆளு இருக்கு."

"இப்பவே போய்ச் சொல்லுங்க சார்."

"சொன்னா? இதே புரோகிராம் எத்தனை கடையில ஓடறது தெரியுமா? நாளைக்கு எல்லாரும் நம்ம படி ஏறுவா. ராத்திரியோட ராத்திரியா மாத்திடலாம். அந்த ஆளுக்கு வேற வேலை கிடைக்காதா என்ன?"

நானே முதலாளியிடம் போனேன். காகிதத்தைக் காட்டினேன். அவருக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. உங்களுக்குப் போன் செய்தார். வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகவும், அந்த ஆத்திரத்தில் நான் பேசித் திரிவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். வேலை போனது எனக்கே அப்போதுதான் தெரியும்.

சேட்டனை அவர் வீட்டுக்கே தேடிப் போனேன். உள்ளே கூப்பிட்டுச் சாயா கொடுத்தார்கள். கழித்தது, மறுபடி கழித்தது எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மோளே, எனக்குத் தெரியும் ஞான் எடுத்திட்டில்லன்னு. எனக்கு எதுக்கு இது? பஜாரில் போய்ப் பறயணும்."

பஜாரில் நானும் எத்தனையோ பேரிடம் சொன்னேன். வேலை போன பெண் பேசுகிறாள் என்றார்கள். அதன் பிறகு அவர் மட்டாஞ்சேரியில் வேலை பார்க்கவில்லை. எந்தக் கிடங்கும் சாவி கொடுக்காது. அக்கரைக்குப் படகில் போய், பிராட்வே கடைத்தெருவில் ஒரு துணிக்கடை வாசலில் காவல் நின்றார். அங்கேயும் ஊர்க்காரர்களைக் கண்டால் திரும்பி நின்றுகொள்வார். அப்படியே செத்தும் போனார்.

போன மாதம் காக்கநாட்டில் கம்ப்யூட்டர் தொழில்காரர்களின் கூட்டம். நீங்கள் தலைமை. ஒரு தடவை எழுதியதை ஒரே இடத்தில் வைத்துப் பத்து இடத்தில் பயன்படுத்த வேண்டும், இந்த ஊரில் அதை முதலில் செய்தவன் நான் என்று பேசினீர்கள். இளவட்டங்கள் கைதட்டினார்கள். என் வேலையை உங்களுடையது என்று சொன்னீர்கள், அது ஒழியட்டும். எனக்கு அதில் ஒன்றும் வேண்டாம்.

ஒரே ஒரு கேள்வி. அந்தச் சுக்கை யார் எடுத்தது? என் வீட்டுக்கு ஆள் அனுப்பாதீர்கள், போனில் வருத்தம் தெரிவிக்காதீர்கள். இது வெளியாகும் இந்தப் பத்திரிகையிலேயே உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள். தமிழில் மட்டும் எழுதினால் போதாது. மலையாளப் பத்திரிகையிலும் எழுதுங்கள். சேட்டனுடைய பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.