குண்டெறியும் கதிரை

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கிட்ட யாரோ இரும்புக் கேட்டுக்கு வெல்டிங் போட்டுக்கிட்டு இருந்தாங்க. முச்சக்கர வண்டிக்குள்ள அந்தக் கருகல் வாடை வந்ததும் எனக்கு முகம் சூடாயிருச்சு. உங்களுக்கு அது இரும்பு வாடை. எனக்கு வெக்கம்.

தெல்தோட்டையில தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது சறுக்கி, தண்ணி ஓடுற ஆழக் கானுக்குள்ள விழுந்தவ நான். இடுப்புக்குக் கீழ ஒன்னும் தெரியாது. கை மட்டும் பழைய கைதான். உக்காந்துகிட்டே இரும்புக் குண்டு எறியிற போட்டி இருக்குன்னாங்க. எறிஞ்சு பாத்தேன், நல்ல தூரம் போச்சு. ஆனா அதுக்குத் தனிக் கதிரை வேணும். நிலத்தோட இறுக்கிக் கட்டணும். உடம்பு அசையக் கூடாது.

அந்தப் பாலத்துக்குப் பக்கத்துல அப்ப கேட் அடிச்சுக்கிட்டிருந்த ஒருத்தர் செஞ்சு தாறேன்னாரு. முஸ்லிம் ஆளு, அண்ணன் முறைக்கு நாங்க நானான்னுதான் கூப்பிடுவோம். பொம்பளைய தொட்டு அளக்க மாட்டாரு. எனக்கு ரெண்டு பக்கமும் பலகையை நிறுத்தி, நடுவுல உள்ள அகலத்தை எடுத்தாரு.

"இறுக்கமா வரட்டா தங்கச்சி?"

"வரட்டும் நானா."

பாவாடைக்குள்ள துவாய்த் துணியை மடிச்சுக் கட்டியிருந்தேன். நீர் போனா எனக்குத் தெரியாதே. அதை எப்படி ஒரு ஆம்பளகிட்ட சொல்றது? படிப்புதான் குறைச்சல், வெக்கம் எனக்குக் குறைச்சலே இல்ல. துவாயோட சேர்த்து அளந்துட்டாரு. எனக்கும் அப்ப உறைக்கல.

கண்டியில தெரிவுப் போட்டி. ஜெயிச்சா கொழும்புக்குப் போகலாம். மைதானத்துல இறுக்கமான கால்சட்டை போடணும். துவாயை உருவிப் பையில திணிச்சேன். நனைஞ்சிருந்துச்சு.

கதிரையில உக்காந்தா ரெண்டு பக்கமும் இடைவெளி. எறியும்போது இடுப்பு வழுக்கி எழும்பிருச்சு. எழும்பினா அந்த எறி செல்லாது. சிவப்புக் கொடி. ரெண்டாவதும் அப்படியே.

கதிரையைப் பூட்டித் தர வந்திருந்த நானா ஓடி வந்து பெல்ட்டை இழுத்துப் பாத்தாரு.

"இன்னும் அரை ஆள் உக்காரலாம் போல ஈக்கி! நான் அளந்தது உங்களத்தானே?"

"துவாய் கட்டியிருந்தேன் நானா."

"யா அல்லா! அப்ப துவாய்க்கா கதிரை அடிச்சேன்?" சிரிச்சுட்டாரு. "சரி, அத எடுங்க. பக்கத்துல வெச்சு இறுக்குவம்."

பை பக்கத்துலதான் கிடந்துச்சு. சுத்தி கோச்சுமார், வேடிக்கை பாக்கிற சனம்.

"வீட்டுல இருக்கு"ன்னேன்.

அவரு பையைப் பாத்தாரு. துவாய்க்குப் பதிலா வைக்கத் தன் சட்டைப் பொத்தானைக் கழட்ட ஆரம்பிச்சாரு. அதுக்குள்ள என் பேரைக் கூப்பிட்டுட்டாங்க. மூணாவதுக்கும் சிவப்பு. கொழும்புக்கு வேற புள்ள போச்சு.

நானா கடை இருந்த இடத்துல இப்ப போன் விக்கிறாங்க. கதிரை வெளிநாட்டுல இருந்து வருது. திருகினா அகலம் கூடும், குறையும். புதுசா வர்ற புள்ளைங்களுக்கு நான்தான் பெல்ட் கட்டி விடுறேன். நேத்து ஒருத்தி கோச்சைப் பாத்து மைதானமே கேக்கிற மாதிரி கத்தினா: "சார், நனைஞ்சிருச்சு! மாத்திட்டு வாறேன், இருங்க!"

யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. நான்தான் தலையைக் குனிஞ்சுகிட்டேன்.