மருதாயி இறக்கி வைத்த வாளி

இலங்கையில் தெரணியகலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மருதாயி கோபக்காரி என்று பெயர் வாங்கியது எழுபத்து நாலில். அரிசியும் மாவும் தட்டுப்பாடான வருஷம். அப்போது அவளுக்குக் கைக்குழந்தை.

ரப்பர் மரங்களைக் கீறிவிட்டால் பால் வடிந்து சிரட்டைகள் நிறைய நேரமாகும். அதற்குள் பிள்ளைக்காரிகள் கீழே, ஆயாவிடம் பிள்ளைகளை விட்டுவரும் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடிப்போய்க் குழந்தைகளுக்குப் பால் கொடுத்துவிட்டு வருவார்கள். புதிதாகக் கங்காணியான இருளப்பன் அதை நிறுத்தினார். அந்த நேரத்தில் புல் வெட்ட வேண்டுமாம்.

"ஆயாம்மா மாவுப்பால் குடுக்குறாங்கள்ல? அப்புறம் என்னா ஓட்டம்?"

"மாவுப்பால் டின்ன நாங்க கண்ணால பாத்தே மாசமாச்சுங்க" என்றாள் மருதாயி.

அவளுடைய செவலை நாய் காம்பராவின் விறகு மூலையில் குட்டி போட்டிருந்தது. காலையில் அவளோடு மலையேறும். மடி கனத்ததும் இறங்கி ஓடிவிடும். அன்றும் ஓடியது. இருளப்பன் எறிந்த மண்கட்டிக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மருதாயிக்கு மார் கட்டி, ரவிக்கை நனைந்து ஒட்டியது. ரப்பர் பால் சேர்க்கும் வாளியை இறக்கி வைத்தாள்.

"ஏய், நாய் பின்னால எங்க போற?"

"எம்புள்ளகிட்ட. நாயி ஒங்களக் கேட்டுட்டா போச்சு?"

"இன்னைக்கு ஒனக்குப் பேரு இல்ல!"

பேர் இல்லையென்றால் கூலி இல்லை.

"பேர வெட்டுங்க. வேற என்னா தெரியும் ஒங்களுக்கு?"

காம்பராவில் பிள்ளை தொண்டை கட்டும்வரை அழுதிருந்தது. ஆயா வெறும் தேயிலைச் சாயத்தண்ணியைத் துணியில் தொட்டு அதன் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். மூலையில் செவலையின் குட்டிகளுக்கு நடுவே தாயில்லாத பூனைக்குட்டி ஒன்றும் முட்டிக்கொண்டிருந்தது. அது நழுவியபோது செவலை மூக்கால் இழுத்து அணைத்து நக்கியது. அதைப் பார்க்கப் பார்க்க மருதாயிக்கு ஆத்திரம் பொங்கியது. தன் பிள்ளையை ஒரு மாரில் போட்டு, பக்கத்துத் தொட்டிலில் அழுத, கூட வேலை செய்யும் கருப்பாயியின் பிள்ளையையும் தூக்கி மறு மாரில் போட்டாள்.

இருளப்பன் வாசலில் வந்து கத்தினார். "சிரட்டையெல்லாம் ரொம்பி ஒறஞ்சு போவுது! தொரைக்கு யாரு பதில் சொல்றது?"

"நீங்கதான். புள்ளைங்க பசியில கத்துச்சு, ஆத்தா போயிட்டான்னு சொல்லுங்க."

செவலை பல்லைக் காட்டியது. அவர் ஒரு படி இறங்கி நின்றார். இரண்டு பிள்ளைகளும் குடித்து முடியும்வரை மருதாயி எழவில்லை.

மறுநாள் கருப்பாயியும் இன்னும் இரண்டு பேரும் வாளியை இறக்கினார்கள். இத்தனை பேருடைய சிரட்டைப் பாலும் உறைந்தால் தோட்டத்துத் துரையிடம் தன் தலைதான் உருளும் என்று இருளப்பனுக்குத் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டார். தடை நீங்கியதென்று யாரும் சொல்லவில்லை. வெட்டிய பேரையும் திருப்பிப் போடவில்லை.

அவர் கங்காணியாக இருந்தவரை மருதாயி அவருக்குச் சலாம் வைக்கவே இல்லை.